இரண்டு கோட்டை, ஒரு சாலை

(பாறசாலைப் பக்கத்து வாசகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஐரோப்பாவின் பழைய நகரங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். ஏன் கேட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். முன்பெல்லாம் நம் பிள்ளைகள் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போனார்கள். இப்போது ஜெர்மனி, இத்தாலி, அயர்லாந்து என்று நர்ஸ் வேலைக்குப் போகிறார்கள். லீவு கிடைத்ததும் அந்த ஊரின் பழைய நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். கல் பாவிய தெரு, கூம்புக் கோபுரம், சன்னல் நிறையப் பூத்தொட்டி. அங்கே எடுத்த படம் ராத்திரியே வீட்டு வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. அம்மாமார் அதைப் பக்கத்து வீட்டில் காட்டி, "எவ்வளவு சுத்தமாட்டு வச்சிருக்கான் பாத்தியளா!" என்கிறார்கள். அந்தப் படங்களை நானும் பார்க்கிறேன். எனக்கும் பிடிக்கத்தான் செய்கிறது.

செக் நாட்டுத் தலைநகரம் ப்ராக். அங்கே பழைய நகரத்தின் நடுவில் 1410-இல் வைத்த ஒரு கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும் நேரத்தில் மேலே இரண்டு சன்னல்கள் திறக்கும். ஏசுவின் சீடர்கள் ஒவ்வொருவராக வந்து முகம் காட்டிவிட்டுப் போவார்கள். பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கும். அதைப் பார்க்க ஒவ்வொரு மணிக்கும் ஒரு கூட்டம் அண்ணாந்து நிற்கிறது. நிற்கட்டும். திருவனந்தபுரத்தில் நம் கிழக்கே கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே, மேத்தன் மணி இருக்கிறது. தாடி வைத்த ஒரு முகம், அதன் இரு பக்கமும் இரண்டு கிடாய்கள். மணி அடிக்கும்போது முகம் வாயைத் திறக்கும், கிடாய்கள் பாய்ந்து கன்னத்தில் முட்டும். இந்தக் கூட்டத்தில் அதன் கீழே நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். நமக்குக் கிழக்கே கோட்டை என்றால் மெடிக்கல் காலேஜுக்கு பஸ் மாறுகிற இடம், கல்யாணச் சேலை எடுக்கிற இடம், ஓணத்துக்குப் பயறும் வெல்லமும் மொத்த விலையில் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குத் திரும்புகிற இடம். மாதத்துக்கு இரண்டு தடவை அங்கே இறங்குகிற ஆள் கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே போயிருக்க மாட்டார்.

ஐரோப்பியப் பழைய நகரங்களுக்கு ஒரு வார்ப்பு உண்டு. சுற்றிலும் மதில், நாலைந்து வாசல், நடுவில் சந்தைத் திடல், திடலோரம் மாதா கோயிலும் நகர மண்டபமும், மேட்டில் ஒரு கோட்டை. புதிய ஊர் மதிலுக்கு வெளியே வளர்ந்துபோயிருக்கும், பழையது உள்ளே அப்படியே இருக்கும். 'அப்படியே' என்பதையும் முழுசாக நம்பிவிட வேண்டாம். போலந்தின் வார்சா நகரத்தை 1944-இல் ஜெர்மானியப் படை இடித்துத் தரைமட்டமாக்கியது. போர் முடிந்ததும் அந்த நாட்டு மக்கள் பழைய ஓவியங்களையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு, பழைய நகரத்தைச் செங்கல் செங்கலாக மறுபடி எழுப்பினார்கள். 1980-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே நீங்கள் பார்க்கும் பழைய நகரம் நம் அப்பா தாத்தா காலத்தில் கட்டியது. அதனால் அதன் மதிப்பு எனக்குக் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது.

நம்முடைய பழைய நகரம் இந்த வார்ப்பில் அடங்காது. அது இரண்டு துண்டு. ஒரு துண்டு தெற்கே தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம். இன்னொரு துண்டு வடக்கே திருவனந்தபுரம் கோட்டைக்ககம். இரண்டுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம். அந்த இரண்டையும் தைத்திருக்கும் சாலை இந்த வாசகசாலைக்குப் பக்கத்தில்தான் போகிறது. மதிலுக்குள் இருப்பதை மட்டும் பழைய நகரம் என்று எண்ணினால் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அதில் பங்கில்லை. சாலையையும் சேர்த்துக்கொண்டால் நாம் அதன் நடுக்கூடத்தில் குடியிருக்கிறோம். இதைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்தேன்.

முதலில் தெற்குத் துண்டு. அந்த ஊருக்குப் பழைய பெயர் கல்குளம். அரண்மனையின் பழைய பகுதியை 1601-ஐ ஒட்டி இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டினார் என்பார்கள். மார்த்தாண்டவர்மா 1744-இல் ஊருக்குப் பத்மநாபபுரம் என்று பெயர் மாற்றினார். 1750-இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்து, தான் அவருடைய தாசன் என்று அறிவித்தார். அதுதான் திருப்படித்தானம். ராஜ்ஜியம் அதற்குள் வடக்கே வெகுதூரம் வளர்ந்துவிட்டது. தெற்கு மூலையில் இருந்துகொண்டு அதை ஆள்வது வசதிப்படவில்லை. கடைசியில் 1795-இல் தர்மராஜா என்று பேர் பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மா தலைநகரத்தைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார்.

நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்திருப்பார்கள். எப்படிப் பார்த்திருப்பார்கள்? வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றிப் போட்டு, "பிடிச்சுக்கோ, ஓடாதே" என்ற சத்தத்துக்கு நடுவே. மறுபடியும் ஒரு தடவை, பெரியவர்களாகப் போய் வாருங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும். காலையில் முதல் ஆளாகப் போனால் நல்லது. மந்திரசாலைக்குள் நுழைந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். சன்னல்களில் பதித்த வண்ண மைக்கா வழியாக வரும் வெளிச்சம் தரையில் விழும். அந்தக் கறுப்புத் தரை கண்ணாடி போலப் பளபளக்கும். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்து இழைத்தது என்று சொல்வார்கள். இன்றைக்கு அப்படியொரு தரை போட்டுத் தர ஆள் கிடைப்பாரா என்று உங்களுக்குத் தெரிந்த கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள். ஊட்டுப்புரை இரண்டு அடுக்கு. ஒரே பந்தியில் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். வெளிநாட்டு அரண்மனைகளில் நடன அறையைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். நம் ராஜா சாப்பாட்டுக் கூடத்தைத்தான் பெரிதாகக் கட்டியிருக்கிறார்.

அந்த அரண்மனையில் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துவது அதன் அளவு. தாழ்ந்த நிலைவாசல், குனிந்து போக வேண்டிய இறவாணம், கை எட்டும் உயரத்தில் மர வேலை. ஐரோப்பாவில் அரசன் கட்டியதெல்லாம் பார்ப்பவனைச் சிறியவனாக்கும். இங்கே தச்சன் கையின் எல்லைக்குள் அரசன் குடியிருந்திருக்கிறான். அதே முகப்பு, அதே சாய்ந்த ஓட்டுக்கூரை, அதே தூண் நம் பக்கத்து அறப்புரை வீடுகளிலும் நாலுகட்டுகளிலும் இருந்தது. இருந்தது என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. பாகம் பிரித்ததும் தூணையும் கதவையும் கழற்றி விற்றுவிட்டோம். கடற்கரை ரிசார்ட் ஒன்றின் வரவேற்பறையில் நம் பாட்டன் வீட்டு அறைக்கதவு மேசையாகக் கிடக்கிறது.

அரண்மனையோடு நிறுத்திவிடாதீர்கள். வெளியே வந்தால் கோட்டைக்குள் தெருக்கள் இருக்கின்றன. நீலகண்டசுவாமி கோயிலும் அதன் குளமும் இருக்கின்றன. ராமசுவாமி கோயிலில் ராமாயணம் மரப் பலகைகளில் செதுக்கியிருக்கிறது. சுற்றுலாப் பஸ்கள் அங்கே நிற்பதில்லை. அப்புறம் புலியூர்க்குறிச்சி. அங்கே உதயகிரிக் கோட்டைக்குள் ஓர் ஐரோப்பியர் அடக்கம் ஆகியிருக்கிறார். பெயர் டிலனாய். டச்சுக் கம்பெனிப் படையோடு வந்தவர். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்டவர்மாவின் படைக்குத் தளபதியாகி, 1777-இல் இங்கேயே இறந்தார். அவருடைய கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் பழைய நகரத்தைப் பார்க்க நாம் போவது இருக்கட்டும், ஐரோப்பாவிலிருந்து ஒருவர் நம் பழைய நகரத்தைப் பார்க்க வந்து, திரும்பிப் போகவே இல்லை.

இனி சாலை. தலைநகரம் மாறியபோது அரசர் போனார், படை போனது, கச்சேரி போனது. படையோடு ஒரு பிள்ளையாரும் போனார் என்பார்கள். பழவங்காடியில் இன்றைக்குத் தேங்காய் விடலை வாங்கிக்கொண்டிருக்கும் அதே பிள்ளையார்தான். அந்தக் கோயில் இன்றும் ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் அரண்மனைச் சரஸ்வதி போகவில்லை. அவள் கம்பர் பூசித்த சரஸ்வதி என்பது ஐதீகம். நவராத்திரிக்கு மட்டும் தலைநகரத்துக்குப் போய், பூசை முடிந்ததும் திரும்பி வருவதாக ஏற்பாடு. துணைக்கு வேளிமலைக் குமாரசுவாமி வெள்ளிக்குதிரையோடு வருகிறார். சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை பல்லக்கில் வருகிறாள். சரஸ்வதிக்கு யானை. உப்பரிகை மாளிகையில் அரசருடைய உடைவாளை எடுத்துக் கொடுப்பார்கள், அது முன்னால் போகும்.

முதல் நாள் ராத்தங்கல் குழித்துறை. மறுநாள் களியக்காவிளையில் எல்லை. இந்தப் பக்கத்துப் போலீசும் அந்தப் பக்கத்துப் போலீசும் அணிவகுத்து மரியாதை செய்து, சாமியைக் கைமாற்றிக் கொள்வார்கள். இரண்டு மாநிலங்களுக்கு நடுவே வாழைக்குலை லாரிக்கும் கோழி வண்டிக்கும் ஆயிரம் கேள்வி கேட்கிற அந்த இடத்தில், அன்றைக்கு மட்டும் யாரும் எதையும் கேட்பதில்லை. பிறகு பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளைப் பாலம். அன்றிரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயில். வழியெல்லாம் வீட்டு வாசலில் குத்துவிளக்கும் நிறைபறையும் வைத்துக் காத்திருப்பது உங்கள் அம்மாவும் பாட்டியும்தான். அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் பாலராமபுரம், நேமம், கரமனை வழியாகத் திருவனந்தபுரம். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கும், குமாரசுவாமி ஆரியசாலைக்கும், நங்கை செந்திட்டைக்கும் போய்ச் சேருவார்கள்.

ஐரோப்பாவில் பழைய நகரங்களுக்கு நடுவே இப்படி ஆண்டுதோறும் நடந்து போகிற ஓர் உறவு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கற்களை அவர்கள் நம்மைவிட நன்றாகவே காப்பாற்றுகிறார்கள். அதில் சந்தேகமே வேண்டாம். நாம் கற்களைக் கோட்டைவிட்டாலும் நடையை விடவில்லை.

நெய்யாற்றின்கரைக் கோயில் 1750-களில் மார்த்தாண்டவர்மா கட்டியது. கிருஷ்ணன் இரண்டு கையிலும் வெண்ணெய் வைத்துக்கொண்டு நிற்கிறான். கோயில் வளாகத்துக்குள் அம்மச்சிப் பிலா என்ற பழைய பலா மரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமார் இளவரசனைக் கொல்லத் துரத்தினார்கள், அவன் இந்த மரப்பொந்தில் ஒளிந்து தப்பினான் என்பது கதை. பட்டத்துக்கு வந்ததும் மார்த்தாண்டவர்மா அந்தப் பிள்ளைமாரின் குடும்பங்களை வேரறுத்தார் என்பது கதையின் பின்பாதி. மரத்தைக் காட்டுகிறவர்கள் முன்பாதியோடு நிறுத்திவிடுவார்கள். பழைய நகரத்துக்குப் போனால் வழிகாட்டி சொல்லாமல் விட்டதைக் கேட்டு வாங்கும் பழக்கம் வேண்டும். அது ப்ராகுக்கும் பொருந்தும், நெய்யாற்றின்கரைக்கும் பொருந்தும்.

பாலராமபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குங்கள். பாலராமவர்மா ஆட்சியில், 1798-க்கும் 1810-க்கும் இடையில், திவான் உம்மிணித் தம்பி அந்த ஊரை உண்டாக்கினார். தெற்கேயிருந்து தமிழ்ச் சாலியர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அவர்கள் தெருவில் இன்றைக்கும் குழித்தறிச் சத்தம் கேட்கலாம். ஓணத்துக்கு மலையாளப் பெண்கள் உடுத்தும் கசவுப் புடவையைப் பார்த்து, கேரளத்தின் அடையாளம் என்று ஊரே சொல்கிறது. அதை நெய்த கைகளில் பல தமிழ் பேசுகிற கைகள். இந்தச் சாலையில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிக்கப் போனால் பாவும் ஊடும் கையோடு வந்துவிடும்.

கிழக்கே கோட்டை. பஸ் நிலையத்துக்கு எதிரே வெள்ளையாக நிற்கும் வாசல்தான் பழைய நகரத்தின் முன்கதவு. மதிலைக் கல்லால் பலப்படுத்தியது மார்த்தாண்டவர்மாவும் அடுத்து வந்த தர்மராஜாவும். மதில் முழுதாக இல்லை, துண்டு துண்டாக நிற்கிறது. வெட்டிமுறிச்சகோட்டை, அழிக்கோட்டை, மேற்கே கோட்டை என்று வாசல்கள் பெயரோடு இருக்கின்றன. நேரே கோயிலுக்குப் போகாமல் ஒரு தடவை மதிலோரமாகவே சுற்றி வாருங்கள். அக்கிரகாரத் தெருக்களில் கோலமும் திண்ணையும் இன்னும் கொஞ்சம் மிச்சம். குதிரைமாளிகையை சுவாதித் திருநாள் கட்டினார். இறவாணத்துக்குக் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள். கட்டி முடித்து அதிக காலம் அவர் அதில் இருக்கவில்லை, 1846-இல் இளம்வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கோயிலின் ஏழுநிலைக் கோபுரம் உங்களுக்குத் தெரியும். ஒற்றைக்கல் மண்டபமும் தெரிந்திருக்கும். 2011-இல் நிலவறைகளைத் திறந்த பிறகு கோட்டைக்குள் வருகிறவர்கள் வேறு எதையும் கேட்பதில்லை, திறக்காத அந்த ஒரு அறையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தலைக்கு மேலே இருக்கும் குதிரைகளைப் பார்க்காமல் தரைக்குக் கீழே இருக்கும் தங்கத்தை எண்ணிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள்.

ஒன்றை மட்டும் நாள் பார்த்துப் போய்ப் பாருங்கள். ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமிக்கு ஆராட்டு. மேற்கே கோட்டை வாசல் வழியாக சாமி சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறார். வழியில் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை குறுக்கே கிடக்கிறது. ஓடுபாதைதான் பிற்பாடு வந்தது, ஊர்வலம் அதற்கு முன்பே இருந்தது. ஆகவே அன்றைக்குச் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும், சாமி ஓடுபாதையைக் கடந்து போவார். பழைய நகரத்துக்காகப் புதிய நகரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை வேறெங்கே பார்க்கப் போகிறீர்கள்?

கோட்டைக்கு வெளியே சாலைக் கடைத்தெரு. தமிழ் இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு இது புண்ணியத் தலம். தர்மராஜா காலத்தில் ராஜா கேசவதாசன் உண்டாக்கிய சந்தை. அதே தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த ஆ. மாதவன், கல்லாவில் உட்கார்ந்தபடியே அந்தத் தெருவின் மனிதர்களைக் கதையாக்கினார். அவருடைய கடைத்தெருக் கதைகளைப் படித்துவிட்டுச் சாலைக்குள் நுழைந்தால் சுமைதூக்கிகளும் தரகர்களும் உங்களுக்குத் தெரிந்தவர்கள்போல இருப்பார்கள். அவர் 2021-இல் மறைந்தார். நீல. பத்மநாபன் 1970-இல் எழுதிய 'பள்ளிகொண்டபுரம்' நாவலுக்குக் கதாநாயகன் அனந்தன் நாயர். எழுதியது தமிழ், நடமாடுகிறவர்கள் மலையாளிகள், பின்னால் நிற்பது இந்தக் கோயில். நகுலன் இந்த நகரத்தில்தான் இருந்து எழுதினார். தமிழ்நாட்டு அரசு விழாக்களில் எழுந்து நின்று பாடுகிற வாழ்த்துப்பாட்டை எழுதிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்துக் கல்லூரிப் பேராசிரியர்தான். இங்கேயே கல்வெட்டுகளைத் தேடித்தேடிப் படித்து, 1897-இல் மறைந்தார். டப்ளினுக்குப் போகிற நம் பிள்ளைகள் அங்கே ஜேம்ஸ் ஜாய்ஸ் நடந்த தெரு இது என்று பலகை வைத்திருப்பதைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். ஆ. மாதவன் கடை இருந்த இடத்தில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்?

அழகைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். இந்தப் பழைய நகரத்துக்குள் போக யாருக்கு உரிமை இருந்தது என்பதைச் சொல்லாமல் இருந்தால் அது நம் பாட்டன்மாருக்குச் செய்கிற துரோகம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருடைய கொள்ளுத்தாத்தாவால் அந்தக் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடந்திருக்க முடியாது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். அதற்கு முன்னால் நாம் இந்தச் சாலையில் எப்படிப் போனோம்? 1830-களின் கடைசியில் அய்யா வைகுண்டரைக் கைது செய்து திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள். தெய்வங்களைத் தோளில் சுமந்து போகிற திசையில் அவரைக் கைதியாகக் கொண்டுபோனார்கள். 1888-இல் நெய்யாற்றங்கரையில், அருவிப்புறத்தில், நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். 1893-இல் வெங்ஙானூர் அய்யன்காளி வில்லுவண்டி பூட்டிப் பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். தன் சாதிக்காரன் சாலையில் நடக்கவே கூடாது என்று இருந்த காலத்தில் மணி கட்டிய மாட்டை ஓட்டிக்கொண்டு போனார் அவர். கோட்டைகளை ராஜாக்கள் கட்டினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் சாலையை எல்லோருக்குமான சாலையாக்கியது நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் மனிதர்கள். அருவிப்புறமும் வெங்ஙானூரும் அரண்மனைக்குக் குறைந்த பாரம்பரியச் சின்னங்களா?

அந்த வரிசையில் நம் ஊர்க்காரி ஒருத்தியும் இருக்கிறாள். கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதி சந்நிதியில் ஒன்பது நாளும் கச்சேரி. ஒவ்வொரு நாளும் சுவாதித் திருநாளின் ஒரு நவராத்திரிக் கிருதி. மண்டபத்தின் உள்கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், சங்கீதம் எதிரொலிக்காமல் இருக்க. பெரிய வித்வான்கள் எல்லோரும் பாடிய இடம். பெண்கள் பாடக்கூடாது. கலைமகளுக்கு முன்னால் பெண் பாடக்கூடாது என்ற விதியை யார் யோசித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. 2006-இல் அந்த விதி உடைந்தது. உடைத்தது பாறசாலை பி. பொன்னம்மாள், 1924-இல் இந்த ஊரில் பிறந்தவர். திருப்பூணித்துறை இசைக்கல்லூரிக்கு முதல் பெண் முதல்வராக இருந்தவர். எண்பதைத் தாண்டிய வயதில் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து பாடினார். 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2021-இல் மறைந்தார். சரஸ்வதி இரண்டு நூற்றாண்டாக நம் வாசல் வழியாகப் போய்வந்தாள். நம் ஊர்ப் பெண் அவள் முன்னால் பாடுவதற்கு இவ்வளவு காலம் ஆனது. அவர் பெயரில் இந்த ஊரில் ஒரு தெருவாவது வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. எல்லை. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இரண்டு துண்டு நகரத்துக்கு நடுவே கோடு விழுந்தது. அதில் ஒரு விசித்திரம், பத்மநாபபுரம் தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, அரண்மனையை நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை. டிக்கெட் கிழிப்பது கேரளம், வாசலில் வாகனம் நிறுத்துகிற தெரு தமிழ்நாடு. இதைச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஒரு பழைய வீட்டின் சாவியை இரண்டு அண்ணன் தம்பி சேர்ந்து வைத்திருப்பதில் என்ன தப்பு?

இதே மாதிரி ஒரு ஊர் ஐரோப்பாவிலும் இருக்கிறது. இத்தாலி எல்லையில் கொரிட்சியா. 1947-இல் கோடு போட்டபோது மேட்டுக்கோட்டையும் பழைய நகரமும் இத்தாலியில் நின்றன. ஒரு ரயில் நிலையம் யுகோஸ்லாவியாவுக்குப் போய்விட்டது. நிலையத்துக்கு முன்னால் இருந்த திடலின் நடுவே வேலி. பழைய நகரத்தை இழந்த அந்தப் பக்கத்தார் 1948-இல் தொடங்கி, பக்கத்திலேயே நோவா கொரிட்சா என்று ஒரு புது ஊரைக் கட்டினார்கள். அது இப்போது ஸ்லொவேனியா. 2004-இல் அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது திடலிலிருந்து வேலியை எடுத்தார்கள். 2025-இல் இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரமாக விழா நடத்தின. நம் எல்லையில் வேலி ஒருபோதும் இருந்ததில்லை. இஞ்சிவிளையில் ஒரு கால் கேரளத்தில், ஒரு கால் தமிழ்நாட்டில் வைத்து நின்று டீ குடிக்கிறோம். அவர்களுக்கு இருந்த தடையில் பத்தில் ஒரு பங்குகூட நமக்கு இல்லை. ஆனாலும் பத்மநாபபுரத்தையும் கோட்டைக்ககத்தையும் சேர்த்துக் காட்டுகிற ஒரு வரைபடம், இரண்டுக்கும் செல்லுகிற ஒரு டிக்கெட், தமிழிலும் மலையாளத்திலும் பெயர் எழுதி வழியில் நாலு பலகை, இவற்றைச் செய்ய எழுபது வருஷமாக இரண்டு அரசுக்கும் நேரம் கிடைக்கவில்லை. இந்த வாசகசாலை ஒரு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

அதுவரை அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற நவராத்திரிக்கு எழுந்தருளல் களியக்காவிளைக்கு வரும் நாளில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே நில்லுங்கள். அங்கிருந்து நெய்யாற்றின்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். யானை நடக்கிற வேகத்தில் நடந்தால் யாருக்கும் சிரமமில்லை. வழியில் தண்ணீரும் மோரும் வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். முடியாதவர்கள் அமரவிளைப் பாலத்தில் காத்திருந்து சேர்ந்துகொள்ளலாம். மறுநாள் பஸ்ஸில் கிழக்கே கோட்டைக்கு முன்னாலேயே போய், வெட்டிமுறிச்சகோட்டை தொடங்கி மதிலோரமாக ஒரு சுற்று. ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிஷம் முந்தி மேத்தன் மணிக்குக் கீழே வந்துவிட வேண்டும். சாயந்திரம் சாமி வந்து சேரும்போது தெருவில் நிற்க இடம் கிடைக்காது, அதனால் குதிரைமாளிகைப் பக்கம் முன்கூட்டியே இடம் பிடித்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் போகிற எண்ணம் இருந்தால் ஆண்பிள்ளைகள் முண்டு கொண்டுபோக மறக்க வேண்டாம். திரும்பிவரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.